குட்டைக்கு வந்த விருந்தாளிகள்

விருந்துபசாரி என்று ஒரு மனித இனம் இருக்கிறது. நம் பக்கத்தில் இதைப் பார்க்க யாரும் காட்டுக்குப் போய் அலைய வேண்டியதில்லை. எந்தச் சொந்தக்காரர் வீட்டு அழைப்பு மணியையாவது அழுத்துங்கள். அதுவே வந்து கதவைத் திறக்கும். "வாங்க, வாங்க" என்று சொல்லும். இதுவரை ஆபத்தில்லை. அடுத்ததாக உங்களை மேலும் கீழும் பார்த்து, "இன்னாங்க, இப்டி எளச்சிப் போய்ட்டீங்க?" என்று கேட்டால் மட்டும் உஷாராகிவிடுங்கள். நீங்கள் தொண்ணூறு கிலோ இருந்தாலும் அன்றைக்கு இளைத்தவர்தான்.

விருந்தாளிக்குச் சோறு போடுகிறவர்களை எல்லாம் நான் சொல்லவில்லை. அவர்கள் நல்லவர்கள், பசித்தவனுக்குப் போடுவார்கள், போதும் என்றால் நிறுத்துவார்கள். விருந்துபசாரி வேறு. நீங்கள் போதும் என்றால், இவர் கூச்சப்படுகிறார், நாமாகத்தான் போட வேண்டும் என்று அவர் காதில் விழும். இலையைக் கையால் மறைத்தால் விரலிடுக்கில் குழம்பை ஊற்றுவார். படுக்கப் போனால் பின்னாலேயே வந்து ஃபேன் போதுமா என்பார், போதும் என்றால் ஏ.ஸி.யைப் போடுவார், போட்டுவிட்டுக் குளிருமே என்று போர்வை கொண்டுவருவார், அது குத்துமோ என்று வேறு போர்வை கொண்டுவருவார், நீங்கள் கண்ணை மூடியதும் விளக்கைப் போட்டு, "தூக்கம் வந்துச்சா?" என்று எழுப்பிக் கேட்பார், காலையில் குளியலறைக் கதவைத் தட்டி வெந்நீர் சூடு சரியா என்பார், கிளம்புகிறேன் என்று சொன்னால் உங்கள் செருப்பு காணாமல் போகும். ஃப்ரிட்ஜுக்குப் பின்னால் பாருங்கள். ஒரு தடவை நான் அங்கிருந்துதான் எடுத்தேன்.

அந்த ஃப்ரிட்ஜ் கலீலுல்லா பாயுடையது. வாணியம்பாடியில் தோல் வியாபாரம் செய்தவர். அவருடைய பாட்டனார் காலத்தில் தோல் பதனிட ஆவாரம்பட்டை வேண்டுமென்று ஜவ்வாது மலைக்கு வண்டி அனுப்புவார்களாம். பட்டையை உலர்த்திக் கட்டி வைக்க மலையில் பாதி வழியில் ஒரு துண்டு நிலமும், ஓட்டு வீடும், எதிரே ஒரு குட்டையும் குடும்பத்துக்கு இருந்தன. பட்டைக்குப் பதில் ரசாயனம் வந்த பிறகும் நிலம் அப்படியே கிடந்தது. பாய்க்கு அறுபது தாண்டியதும் வியாபாரத்தை மகன் ஒவைஸ் கையில் கொடுத்துவிட்டு, மனைவி தாஹிராம்மாவோடு மலைக்கே குடிவந்துவிட்டார். வாணியம்பாடியில் அவருடைய பழைய தெருவில் பலருக்கு அதற்கப்புறம் சர்க்கரை அளவு குறைந்ததாகக் கேள்வி.

நான் சிங்காரம். போளூரில் மோட்டார் பம்பு விற்கிறேன். குட்டை வைத்திருப்பவருக்குப் பம்புக்காரன் வேண்டும், பம்புக்காரனுக்குக் குட்டை வைத்திருப்பவர் வேண்டும்; பழக்கம் அப்படி வந்தது. ஒரு வாஷர் மாற்றப் போனாலும் இரண்டு வேளை சாப்பிடாமல் மலையை விட்டு இறங்க முடியாது. எனக்கு அல்சர் என்று சொல்லிப் பார்த்தேன். அல்சருக்கு நல்லது என்று சொல்லி ஃபிர்னி என்கிற பால் இனிப்பைக் கொடுத்தார்.

மலையில் இந்த இனம் இருக்காது என்று நினைத்திருந்தேன். இருந்தது. வேலிக்கு அந்தப் பக்கம் சாமையும் புளியும் விளைவிக்கிற பஞ்சாட்சரம் இருந்தார். பாய் ஒரு தட்டில் பிரியாணி அனுப்பினார். அடுத்த வீட்டுத் தட்டை வெறுமனே திருப்பக் கூடாதே? பஞ்சாட்சரம் அதில் தேன் அடை வைத்து அனுப்பினார். தேன் வந்த தட்டைப் பாய் வெறுமனே திருப்புவாரா? சேமியா போனது. சேமியா போன தட்டில் மொச்சை வந்தது. அந்த ஒரே தட்டு அன்றிலிருந்து இன்றுவரை ஓயாமல் வேலியைத் தாண்டி வந்துகொண்டும் போய்க்கொண்டும் இருக்கிறது. அது யார் வீட்டுத் தட்டு என்பது இரண்டு வீட்டுக்கும் மறந்துவிட்டது.

இப்படி எல்லாம் நிறைந்திருந்த பாய்க்கு ஒரே ஒரு குறை இருந்தது. அது அவருடைய மகள் ஃபிஜா. சென்னையில் கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை. கணவர் ஷாருக்குடன் வேளச்சேரியில் குடித்தனம். ஞாயிற்றுக்கிழமையானால் பைனாகுலரைத் தூக்கிக்கொண்டு பள்ளிக்கரணைக்குப் பறவை பார்க்கப் போய்விடுவாள். கல்யாணமான புதிதில் அப்பா வீட்டுக்கு வந்தால் ஒரு வாரம் இருந்தாள். அப்புறம் அது மூன்று நாளாயிற்று. அப்புறம் சனிக்கிழமை வந்து ஞாயிற்றுக்கிழமை போனாள். போன ரம்ஜானுக்குக் காலையில் வந்தவள், சாயங்காலமே "ஆபீஸ்ல கூப்பிட்டாங்க" என்று கிளம்பிவிட்டாள். பெருநாள் அன்றைக்கு எந்த ஆபீஸில் கூப்பிடுகிறார்கள்?

பாய்க்குப் புரியவில்லை. சாப்பாட்டில் ஏதோ குறை என்று முடிவு செய்து சமையல்காரரை மாற்றினார். அப்படியும் மகள் வரவில்லை. ஒரு நாள் போனில் பேசும்போது அவள் பேச்சுவாக்கில், "அந்தக் குட்டைல காட்டு வாத்து எறங்குச்சுன்னா சொல்லுங்கத்தா, லீவு போட்டுட்டு வந்து பத்து நாள் உக்கார்றேன்" என்றாள். அவள் அதைச் சொல்லிவிட்டு மறந்திருப்பாள். பாய்க்கு அன்றிலிருந்து தூக்கமில்லை. பத்து நாள் என்றாளே!

எப்படி வாத்தை வரவழைப்பது என்று மகளையே கேட்டார். அவளும் விளக்கமாகச் சொன்னாள். "கரை செங்குத்தா இருக்குத்தா, அதைச் சரிவா வெட்டுங்க. ஓரத்துல முழங்கால் ஆழம் போதும், வாத்து தலையக் கவுத்து மேயணும்ல. கோரையப் புடுங்காதீங்க, ஒளிஞ்சிக்க அதான் எடம். நடுவுல ஒரு மண் திட்டு போடுங்க. ஒரு பட்ட மரம் தண்ணில பாதி முங்கிக் கெடக்கட்டும், ஏறி உக்காரும். நாயை உள்ள விடாதீங்க. முக்கியமா, வாத்து வந்ததுக்கப்புறம் கிட்ட போகாதீங்க."

இதில் கடைசி வாக்கியத்தைத் தவிர மற்ற எல்லாவற்றையும் பாய் பிரமாதமாகச் செய்தார். பொய் சொல்லக் கூடாது, அப்படி ஒரு குட்டையை நான் எங்கும் பார்த்ததில்லை. கோடையில் நான் பம்பு வைத்துத் தண்ணீரை இறைத்தேன். ஜேசிபி வந்து கரையைச் சரித்தது. நடுவில் திட்டு எழுந்தது. அதில் புல் முளைத்தது. பட்டுப்போன இலுப்பை மரம் ஒன்று வந்து சாய்ந்தது. பஞ்சாட்சரம் தன் நாயை மாமியார் ஊருக்கே அனுப்பிவைத்தார். அதோடு நிறுத்தியிருக்கலாம். அந்த இனம் நிறுத்துமா?

"தண்ணியிலேர்ந்து ஏறி வர நாலு படிக்கட்டு கட்டலாமா?" என்றார் பாய்.

"பறக்குறதுக்குப் படிக்கட்டு எதுக்குங்க?" என்றார் தாஹிராம்மா.

"வயசான வாத்து வந்தா?"

தாஹிராம்மா உள்ளே போய்விட்டார். இத்தனை வருடக் குடித்தனத்தில் எந்த இடத்தில் பேச்சை நிறுத்த வேண்டும் என்று அவருக்குத் தெரியும். குட்டைத் தண்ணீரைத் தினமும் மாற்ற வேண்டுமா என்று பாய் என்னைக் கேட்டார். பம்பு விற்கிறவனிடம் கேட்கிற கேள்வியா இது? வெகு நேரம் யோசித்து, வேண்டாம் என்றேன். என் தொழிலில் நான் செய்த பெரிய தியாகம் அதுதான்.

ஐப்பசி மழை இறங்கிக் குட்டை நிறைந்தது. ஒரு விடியற்காலையில் சீழ்க்கையடித்துக்கொண்டே ஒரு கூட்டம் வந்து இறங்கியது. செம்பழுப்பு நிறம், நீண்ட கழுத்து. சீழ்க்கைச் சிறகி என்று ஃபிஜா பிறகு பெயர் சொன்னாள். சன்னலில் பார்த்த பாய் என்ன செய்திருக்க வேண்டும்? சன்னலிலேயே நின்றிருக்க வேண்டும். அவர் சலவைச் சட்டையைப் போட்டு, அத்தர் தடவிக்கொண்டு, கரைவரைக்கும் நடந்து போய், இரண்டு கையையும் விரித்து, "வாங்க, வாங்க! இன்னா இவ்ளோ நாள் கழிச்சு?" என்றார். விருந்தாளிகள் எழுந்து பறந்துவிட்டார்கள்.

குட்டை உண்மையிலேயே நன்றாக அமைந்துவிட்டதால் சிறகிகள் மறுநாளும் வந்தன. இந்தத் தடவை பாய் தாம்பாளத்தோடு போனார். அதில் ஊறவைத்த அரிசி, கோதுமை, பொரி, அவித்த முட்டை.

"முட்டையா?" என்று தாஹிராம்மா பின்னாலிருந்து கத்தினார். "வாத்துக்கே முட்டை வைக்கிறீங்களே, அதுங்க இன்னா நெனைக்கும்?"

பாய் முட்டையை மட்டும் எடுத்துவிட்டார். அதற்குள் எதிர்க்கரையில் பஞ்சாட்சரம் முறத்தில் சாமையோடு வந்து நின்றார். பாய் வீட்டுக்கு வந்த விருந்தாளி பக்கத்து வீட்டில் ஒரு வாய் சாப்பிடாமல் போனால் மரியாதையா? "இந்தப் பக்கம் வாங்க!" என்று அவர் கூப்பிட, "அங்க அப்புறம் போலாம், மொதல்ல இங்க" என்று பாய் கூப்பிட, திட்டின்மேல் நின்றவை இந்தக் கரையைப் பார்த்தன, அந்தக் கரையைப் பார்த்தன, மேலே பார்த்தன. மேலே யாரும் தட்டோடு நிற்கவில்லை. அந்தப் பக்கமாகவே போய்விட்டன.

விருந்தாளி வந்தால் நாலு பேருக்கு அறிமுகப்படுத்த வேண்டும் என்பது இந்த இனத்தின் இன்னொரு சட்டம். மூன்றாவது தடவை வாத்து இறங்கிய செய்தி போனதும் வாணியம்பாடியிலிருந்து ஒரு வேன் வந்தது. பாயின் சொந்தத்தில் தஸ்லீம் மாமி வந்தார், அவருடைய மருமகள்கள் வந்தார்கள், குழந்தைகள் வந்தார்கள், அவர்களுக்கெல்லாம் குட்டைக்கரையில் ஷாமியானா போட்டு நாற்காலி போட்டார்கள். வாத்து மட்டும்தான் இல்லை. எல்லாரும் சாப்பிட்டுவிட்டு வெறும் தண்ணீரைப் பார்த்துப் பாராட்டிவிட்டுப் போனார்கள்.

பாய் எனக்குப் போன் செய்தார். "சிங்காரம், மனசாட்சியோட சொல்லுங்க. நான் இன்னா கொறை வச்சேன்?"

என்னத்தைச் சொல்ல? நான் பம்புக்காரன். "பனி அதிகமோ என்னமோ, பாய்" என்று ஒரு பேச்சுக்குச் சொல்லித் தொலைத்தேன். மறுவாரம் திட்டின்மேல் கீற்றுக் கொட்டகை ஒன்று எழும்பியிருந்தது. வாத்து அதன் பக்கமே வரவில்லை. நாலு நாள் பார்த்துவிட்டுத் தாஹிராம்மா ஆள் விட்டு அதைப் பிரிக்கச் சொன்னார்.

கார்த்திகையில் ஆம்பூரில் ஒவைஸின் மச்சானுக்குக் கல்யாணம். பாயும் தாஹிராம்மாவும் போனார்கள். கல்யாணத்துக்குப் போகிறவர் பக்கத்து வீட்டுக்காரரை விட்டுவிட்டுப் போவாரா? பஞ்சாட்சரத்தையும் அவர் மனைவி செல்லியம்மாளையும் காரில் ஏற்றிக்கொண்டார். போனவர்களை ஆம்பூர்க்காரர்கள் சுலபத்தில் விட்டுவிடுவார்களா? அங்கேயும் இதே இனம்தான். ஒரு வாரம் ஆயிற்று. அந்த ஒரு வாரம் குட்டைப் பக்கம் போய் யாரும் யாரையும் வரவேற்கவில்லை, நலம் விசாரிக்கவில்லை.

திரும்பி வந்து வீட்டைத் திறந்த பாய் சன்னலில் பார்த்தார். குட்டை முழுக்கச் சிறகிகள். இலுப்பை மரத்தின்மேல் வரிசையாகக் கழுத்தை மடக்கித் தூங்குகின்றன, கோரைக்குள் மேய்கின்றன, திட்டின்மேல் ஒற்றைக் காலில் நிற்கின்றன. பாய் வாயைத் திறப்பதற்குள் தாஹிராம்மா அவர் சட்டையைப் பின்னாலிருந்து பிடித்துக்கொண்டார். "ஒரு அடி வச்சீங்க, நான் திரும்ப ஆம்பூருக்கே போய்டுவேன். போனை எடுங்க. பொண்ணைக் கூப்பிடுங்க."

சொன்னபடி ஃபிஜா லீவு போட்டுவிட்டு வந்தாள். பெரிய பையோடு வந்தாள். பாய் அந்தப் பையைத் தூக்கிப் பார்த்து, கனம் போதும் என்று சந்தோஷப்பட்டார். அன்றைக்குப் பார்த்துக் கிணற்று மோட்டார் மக்கர் செய்ததால் நானும் அங்கே இருந்தேன். ஆகவே அடுத்து நடந்ததை எல்லாம் கண்ணால் கண்டு சொல்கிறேன்.

கரையில் மூங்கில் தட்டி ஒன்றை நிறுத்தி, அதன் பின்னால் ஃபிஜா பைனாகுலரோடு உட்கார்ந்தாள். வாத்துகள் அசையவில்லை. பாயும் வாத்துக்கருகில் போகவில்லை; தாஹிராம்மாவின் சொல்லைக் காப்பாற்றினார். மகளுக்கு அருகில்தான் போனார். முதலில் டீ கொண்டுபோனார். டீ குடிக்கும்போது முதுகு வலிக்குமே என்று நாற்காலி கொண்டுபோனார்; நாற்காலியில் உட்கார்ந்தால் வெயில் முகத்தில் அடிக்குமே என்று குடை கொண்டுபோனார்; குடையைப் பிடித்த கையோடு எப்படிச் சாப்பிடுவாள் என்று ஊட்டிவிடுவதற்காக இட்லித் தட்டோடு தானே போனார். நுனிக்காலில்தான் நடந்தார். கனமான மனிதர் நுனிக்காலில் நடந்தால் சீக்கிரமே வழுக்கும். வழுக்கியது. தட்டு கல்லில் பட்ட சத்தம் மலை முழுக்கக் கேட்டது. குட்டையிலிருந்து அத்தனை சிறகிகளும் ஒரே வீச்சில் கிளம்பின.

ஃபிஜா எழுந்து வீட்டுக்குள் வந்தாள். பையை எடுத்தாள்.

"ஆபீஸ்ல கூப்பிட்டாங்கத்தா. மத்தியானம் கெளம்புறேன்."

"காலைலதானம்மா வந்த? பத்து நாளுன்னியே?"

"இன்னொரு தடவ வர்றேன்."

தாஹிராம்மா வெங்காயம் அரிந்துகொண்டிருந்தார். அரிவதை நிறுத்தாமலே சொன்னார். "ஆபீஸும் கூப்பிடல, ஒண்ணும் கூப்பிடல. அந்த வாத்துங்க எதுக்குப் போச்சோ அதுக்குத்தான் இவளும் போறா. இன்னிக்கு இல்ல, நாலு வருசமா போறா."

"அம்மா!" என்றாள் ஃபிஜா. ஆனால் இல்லை என்று சொல்லவில்லை.

பாய் கையிலிருந்த நசுங்கிய தட்டைக் கீழே வைத்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தார். கொஞ்ச நேரம் மகளையும் மனைவியையும் மாறி மாறிப் பார்த்தார். "நான் கொண்டாந்து ஒண்ணும் குடுக்கலைன்னா, அவளுக்கு நான் எதுக்கு தாஹிரா?" என்றார். "டீயும் வாணாம், சோறும் வாணாம்னா, அப்பன்னு ஒருத்தன் எதுக்குக் குந்திக்கினு இருக்கணும்?"

நான் ஸ்பேனரைக் கையில் வைத்துக்கொண்டு எங்கே பார்ப்பதென்று தெரியாமல் நின்றேன். எவ்வளவோ தடவை அவரைப் பார்த்து உள்ளுக்குள் சிரித்திருக்கிறேன். அன்றைக்குச் சிரிப்பு வரவில்லை. மனிதர் இவ்வளவு காலமும் பயத்தில்தான் பரிமாறிக்கொண்டிருந்தார் என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. பாவமாக இருந்தது.

ஃபிஜாவுக்கும் கண் கலங்கியிருக்க வேண்டும். பையை எடுத்துக் கட்டிலுக்குக் கீழே தள்ளினாள். "நாளைக்கு ஒரு காலை பார்ப்போம். நான் அங்க உக்காந்திருக்கறப்போ நீங்க வூட்டை விட்டு வெளில வராதீங்க. வந்தீங்கன்னா நான் கெளம்பிடுவேன். சம்மதமா?"

சம்மதம் என்று பாய் தலையாட்டினார்.

எனக்கும் அன்றைக்கு இறங்க முடியவில்லை. மழை பிடித்துக்கொண்டது என்பது ஒரு காரணம். செருப்பைக் காணோம் என்பது இன்னொரு காரணம்.

மறுநாள் காலை ஃபிஜா தட்டிக்குப் பின்னால் போய் உட்கார்ந்தாள். சிறகிகள் திரும்பி வந்திருந்தன. பாய் சன்னலருகில் உட்கார்ந்தார். சொல்கிறேன், ஒரு மனிதர் சும்மா உட்கார்ந்திருப்பதற்கு இவ்வளவு பாடுபட்டு நான் பார்த்ததில்லை. கையைக் கட்டினார், அவிழ்த்தார். ஃபிளாஸ்கில் டீயை ஊற்றினார், மூடினார், திறந்து வேறு ஃபிளாஸ்கில் ஊற்றினார். "பனி கொட்டுது, சால்வை எடுத்துக்கினு போனாளா?" என்று என்னைக் கேட்டார். போனாள் என்றேன். "ஒண்ணுதானே போர்த்தியிருக்கா?" என்றார். வாசற்படிவரை போனார். நான் குறுக்கே நின்றேன். "நான் போகல, எட்டிப் பார்த்தேன்" என்று திரும்பி வந்து என் தட்டில் இரண்டு இட்லி வைத்தார்.

அப்போதுதான் வேலியோரம் பஞ்சாட்சரம் தெரிந்தார். தலையில் துண்டு, கையில் மூடிய குண்டான். நேரே குட்டையைப் பார்த்து நடக்கிறார். பாப்பா வந்திருக்கிற சேதி அவருக்குக் கிடைத்துவிட்டது. இன்னும் பத்துத் தப்படியில், "பாப்பா, சாமைச் சோறு!" என்று ஒரு குரல் விடுவார், அவ்வளவுதான், வாத்தும் போய்விடும், பெண்ணும் போய்விடும்.

பாய் என்னைத் தள்ளிவிட்டு ஓடினார். பின்பக்கமாக, குட்டையிலிருந்து பார்த்தால் தெரியாமல், புளிய மரங்களுக்கு நடுவே குனிந்துகொண்டு ஓடினார். பஞ்சாட்சரத்தை இடுப்போடு சேர்த்துக் கட்டிப் பிடித்து, வாயைப் பொத்தி, வீட்டுக்குப் பின்னால் இழுத்து வந்தார். தன் ஆயுளில் கலீலுல்லா பாய் ஒருவருக்கு இன்னொருவர் சோறு கொடுப்பதைத் தடுத்தது அதுதான் முதல் தடவை.

"இன்னா பாய், பாப்பாவுக்குத்தானே?" என்று பஞ்சாட்சரம் திமிறினார்.

"குடுக்கக் கூடாது பஞ்சாட்சரம். குடுத்தா போய்டுவா."

"குடுக்காமப் போனா தப்பாச்சே?"

"எனக்கும் அப்டித்தான் தோணுது. வுடு."

இருவரும் விறகுக் கட்டைமேல் உட்கார்ந்தார்கள். ஒருவர் மடியில் சாமைச் சோறு. இன்னொருவர் பக்கத்தில், எப்போது எடுத்தாரோ, ஃபிளாஸ்கும் முட்டையும். கொடுக்க ஆள் இல்லை. கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்தார்கள். அப்புறம் பஞ்சாட்சரம் குண்டானைத் திறந்து, "நீங்களாவது சாப்புடுங்க பாய்" என்றார். "மொதல்ல நீ" என்றார் பாய். "இன்னா எளச்சிப் போய்ட்டீங்க." "நீதான் எளச்சிப் போய்ட்ட." "ஒரு வாய்." "ஒரே ஒரு முட்டை." போதும் என்று அவர் கையால் மறைக்க, இவர் விரலிடுக்கில் போட, இவர் வேண்டாம் என்று எழ, அவர் துண்டைப் பிடித்து இழுக்க, குரல் எழுப்பாமல் கிசுகிசுவென்றே ஒருவரை ஒருவர் உபசரித்தார்கள். நான் பின்பக்கச் சன்னலில் நின்று பார்த்தேன். இந்த இனம் ஒன்றை ஒன்று மேய்ந்து அடங்கியதை அதற்கு முன் யாரும் பார்த்திருக்க மாட்டார்கள்.

வெயில் ஏறியது. குட்டையில் ஒரு சிறகிகூட எழும்பவில்லை. உச்சி வேளைக்கு ஃபிஜா தட்டியை விட்டு மெல்ல எழுந்து, சேறு ஒட்டிய காலோடு சமையல்கட்டுப் பக்கம் வந்தாள். முகம் சிரித்திருந்தது. விறகுக் கட்டைமேல் மூச்சு வாங்க உட்கார்ந்திருந்த அப்பாவைப் பார்த்தாள்.

"அத்தா, பசிக்குது" என்றாள்.

பாய் அவளையே பார்த்தார். தாஹிராம்மாவும் கரண்டியோடு வெளியே வந்து பார்த்தார். அந்த வீட்டில் அந்தப் பெண் வாயிலிருந்து அந்த வார்த்தை அதுவரை வந்ததே இல்லை. பிறந்ததிலிருந்து யாரும் அவளைப் பசிக்க விட்டதில்லை.

பாய் எழுந்தார். கழுவிய தட்டை இன்னொரு தடவை கழுவினார். சோறு போட்டார், தால்ச்சா ஊற்றினார். ஊற்றிவிட்டு ஒரு பெரிய காரியம் செய்தார்: கரண்டியைப் பாத்திரத்துக்குள் விட்டுவிட்டு எதிரே சும்மா உட்கார்ந்தார். அவள் வாத்துகளைப் பற்றிச் சொல்லிக்கொண்டே சாப்பிட்டாள். தட்டு காலியானதும் நீட்டி, "இன்னும் கொஞ்சம் போடுங்கத்தா" என்றாள். பாய் அதற்கும் பெண்டாட்டி முகத்தைப் பார்த்து உத்தரவு கேட்டுத்தான் போட்டார். போடும்போது அவருக்கு அழுகை வந்துவிட்டது, வெங்காயம் என்றார். பையில் இருந்த துணியெல்லாம் அன்றைக்குச் சாயங்காலம் பீரோவுக்கு ஏறியது. வெள்ளிக்கிழமை ஷாருக்கும் வந்து சேர்ந்தார்.

பாய் திருந்திவிட்டாரா என்று கேட்கிறீர்கள். அந்த இனம் திருந்தாது. மகளிடம் அடக்கி வைத்ததை வேறு எங்காவது கொட்ட வேண்டுமே? அந்த வேறு எங்கோ நான்தான். போன மாதம் மட்டும் மோட்டார் கெட்டுவிட்டது என்று நாலு தடவை கூப்பிட்டார். நாலு தடவையும் மோட்டார் நன்றாகத்தான் ஓடிக்கொண்டிருந்தது.

அவர் கிடக்கட்டும். இவ்வளவு நேரம் சிரித்தீர்களே, நீங்கள் எப்படி? "சேச்சே, நான் யாரையும் வற்புறுத்த மாட்டேன், ஒரு தடவை கேட்பேன், அதோடு சரி" என்கிறீர்கள். கலீலுல்லா பாயும் அப்படித்தான் சொல்கிறார். பஞ்சாட்சரமும் சத்தியம் செய்கிறார். உங்களை நான் பார்த்ததில்லை, அதனால் ஒன்றும் சொல்ல மாட்டேன். வெளியூரில் இருக்கிற உங்கள் பிள்ளை போன தடவை வந்து எத்தனை நாள் இருந்தது, அதற்கு முந்தின தடவை எத்தனை நாள் இருந்தது என்று மட்டும் மெல்லக் கணக்குப் போட்டுப் பாருங்கள். இன்றைக்கே அது வந்து, பக்கத்து அறையில் போனைப் பார்த்துக்கொண்டு படுத்திருக்கிறதென்று வைத்துக்கொள்வோம். ஒரு மணி நேரம் நீங்கள் அந்தக் கதவைத் தட்டாமல் இருக்க வேண்டும். முடியும் என்கிறீர்களா? நல்லது. அப்படியென்றால், இப்போது எதற்காக எழுந்து சமையலறைப் பக்கம் போகிறீர்கள்?